ஊமையனுக்குப் போர்த்திய துண்டு

ஜனவரி 12

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். அங்கே நீ எப்படி இருக்கிறாய், உன் வீட்டுக்காரி எப்படி இருக்கிறாள்? குளிர் வந்தால் அவளுக்கு முட்டி வலிக்குமே, இந்த வருஷம் தேவலையா?

போனில் கேட்டால் ஆகாதா என்று நீ முணுமுணுப்பது தெரிகிறது. டிசம்பரில் பேசினோமே, ஒரே கரகரப்பு. அதற்குப் பிறகு இந்தப் போன் செத்தே போய்விட்டது, மணி அடிப்பதே இல்லை. கடிதம் என்றால் ஆற அமர எழுதலாம், இரண்டு தரம் படிக்கலாம். எழுது.

விஷயத்துக்கு வருகிறேன். என் வீட்டுக்கு ஓர் ஆள் வந்திருக்கிறது. பதறாதே, கல்யாணம் இல்லை. எங்கள் லாண்டரிக்கு விடுதிகளிலிருந்து அழுக்குத் துணி மூட்டை மூட்டையாக வரும் என்பது உனக்குத் தெரியும். போன வாரம் ஒரு மூட்டையைப் பிரித்து மெஷினில் கொட்டப் போனால், படுக்கை விரிப்பு ஒன்று தானாக நகர்கிறது! இஸ்திரி உருளையில் வேலை பார்க்கிறவள் மேஜைமேல் ஏறி நின்றுகொண்டாள். பிரித்துப் பார்த்தால் ஒரு கினிப்பன்றி. பழுப்பும் வெள்ளையுமாக, முதுகில் ஒரு பக்கம் முடி உதிர்ந்து, உள்ளங்கையில் அடங்கிவிடுகிற எலும்புக்கூடு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கொதிக்கிற தண்ணீரில் போயிருக்கும். விடுதிக்குச் சொல்லி அனுப்பினோம். யாரோ விட்டுப் போனது, எங்களுக்கு வேண்டாம், தூக்கிப் போடுங்கள் என்றுவிட்டார்கள்.

எங்கள் லாண்டரிக் கூடத்தில் யாரும் வாயால் பேசுவதில்லை. அந்த மெஷின் இரைச்சலில் கத்தினாலும் பிரயோஜனமில்லை. கையும் உதடும்தான் பேச்சு. மேஸ்திரி தூரத்திலிருந்து வாசலைக் காட்டி, வெளியே போடு என்றார். நான் என் நெஞ்சைத் தொட்டு, இது என்னுடையது என்று காட்டினேன். ஏன் அப்படிக் காட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. வாளியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். அவளையும் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா

பிப்ரவரி 1

அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். உடம்புக்கு ஒன்றுமில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், கிரேன் ஏறுகிறேன், இறங்குகிறேன்.

பேர் பன்றி, உருவம் எலி, தின்பது முயல் தீனி. எதிலும் உருப்படியாகச் சேராத ஜீவன். நம் குடும்பத்துக்கு ரொம்பப் பொருத்தம், வைத்துக்கொள்.

நான் அறுபதடி உயரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறேன். கீழே துறைமுகத்தில் ஒரு சைகைக்காரர் நிற்பார். அவர் கையைத் தூக்கினால் நான் சரக்குப் பெட்டகத்தைத் தூக்குவேன், கையை மடக்கினால் நிறுத்துவேன். மதியம் சாப்பிடும்போது உன் பன்றியைப் பற்றிச் சொன்னேன். மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் வீட்டிலும் ஒன்று இருந்ததாம். "அதையா? ஐயோ, பிரிட்ஜ் கதவைத் திறந்தா போதும், விசில் மாதிரி கத்தி தெருவையே கூட்டிடும். உங்க அக்கா காது கிழிஞ்சிடும் பாருங்க" என்றார். உன்னுடையது எப்படி, வீட்டை ரெண்டாக்குகிறதா?

இன்னொன்று. போன் செத்துவிட்டது என்கிறாய். போன ஞாயிற்றுக்கிழமை பண்ணினேன், அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையும் பண்ணினேன். இந்தப் பக்கம் மணி போய்க்கொண்டேதான் இருந்தது. எடுக்கத்தான் ஆளில்லை. ஆள் வைத்துச் சரிபார். உன் குரலைக் கேட்க வேண்டும் போல இருக்கிறது. அவ்வளவுதான்.

தம்பி

பிப்ரவரி 20

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். நீயும் உன் வீட்டுக்காரியும் சுகம்தானே? அவளைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே. முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

உன் சைகைக்காரரிடம் சொல், எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி பிறப்பதில்லை. என் வீட்டுக்கு வந்தது பரம சாது. இத்தனை நாளில் ஒரு முனகல்கூடக் கிடையாது. பிரிட்ஜைத் திறந்தால் இரண்டு காலில் நின்று வாயை ஆவென்று பிளக்கும், பார்க்கச் சிரிப்பாக இருக்கும். சத்தம் மட்டும் வராது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைப்பு போலிருக்கிறது. ஊமையன் என்று பேர் வைத்துவிட்டேன்.

ஒரே ஒரு குறை, குளிர் தாங்கமாட்டான். நான் வேலையிலிருந்து வந்து கையில் எடுத்தவுடன் உடம்பெல்லாம் கிடுகிடுவென்று நடுங்கும். உள்ளங்கையில் தெரியும். லாண்டரியில் கழித்துப்போட்ட துண்டுகள் நிறைய இருக்கின்றன. அதில் ஒன்றை எடுத்துத் தலையோடு போர்த்திவிடுவேன். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றுவிடும். முதுகில் முடிகூட வளர்ந்துவிட்டது. கேரட்டைவிட வெள்ளரிக்காய்தான் பிடிக்கிறது ஐயாவுக்கு.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு டீச்சர் குடிவந்திருக்கிறார். பள்ளிக்கு வரமுடியாத பிள்ளைகளுக்கு டேப்பில் பாடம் படித்துப் பதிவு செய்து தபாலில் அனுப்புகிற வேலை. நேற்று சாயங்காலம் கதவைத் திறந்தால் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கிறது. கையை ஆட்டி ஆட்டி என்னவோ பொரிந்து தள்ளினார். ரேடியோவைத்தான் சொல்கிறார் என்று அதை அணைத்துவிட்டு, "இனிமே பார்த்துக்கறேன் டீச்சர்" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். படித்தவர்களுக்கு மூக்குக்கு மேல் கோபம்.

வேலைக்குப் போய்த் திரும்பினால் எனக்காக ஒருத்தன் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்பது நன்றாகத்தான் இருக்கிறது. அம்மா போன பிறகு இந்தக் கதவுக்குப் பின்னால் யாரும் நின்றதில்லை.

உன் அக்கா

மார்ச் 15

அக்காவுக்கு,

நலம். இங்கே காற்று அதிகம். காற்று அடித்தால் கிரேனை நிறுத்திவிட்டு மேலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். நேற்று மதியம் முழுவதும் அப்படித்தான் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீ கேட்டதற்கெல்லாம் பதில் எழுத இங்கே ஒன்றுமில்லை. ஊமையனுக்கு வெள்ளரிக்காய் கொடு.

ஞாயிறு தவறாமல் போன் செய்கிறேன். மணி போகிறது. எடுக்க விருப்பமில்லை என்றால் அதையாவது எழுது.

தம்பி

ஏப்ரல் 4

அன்புத் தம்பிக்கு,

நான் இருக்கிறேன். நீயும் உன் வீட்டுக்காரியும் எப்படி? என்ன அப்படி எழுதியிருக்கிறாய், எனக்கு ஏன் விருப்பமில்லாமல் போகும்? இந்தப் போனைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலாக வருகிறது, அதை விடு.

ஊமையனுக்கு உடம்பு சரியில்லை. முதலில் எனக்குத் தெரியவில்லை. அந்த டீச்சர்தான் வந்தார். இந்தத் தரம் கோபமில்லை. என் முகத்துக்கு நேரே நின்று நிதானமாகக் கேட்டார்: "ரெண்டு நாளா சத்தமே காணோமே. எங்க அது?"

"எது டீச்சர்?"

"உங்க வீட்டுல கத்துமே. நீங்க உள்ள வந்ததும் ஆரம்பிக்குமே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க வீட்டுல கத்தறதுக்கு யாரும் இல்லையே" என்றேன். பாவம், நாள் முழுக்க ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கிடந்தால் காது என்னத்துக்கு ஆகும். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

உள்ளே வந்து பார்த்தேன். தட்டில் வெள்ளரிக்காய் அப்படியே இருந்தது. முந்தின நாள் வைத்ததும் வாடிக் கிடந்தது. தாடையெல்லாம் எச்சில் ஈரம். பிரிட்ஜைத் திறந்தேன், எழுந்து நிற்கவில்லை. கையில் எடுத்தேன், நடுக்கமும் இல்லை. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நாளைக்கு லீவு சொல்லிவிட்டு கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போகிறேன். வேண்டிக்கொள்.

உன் வீட்டுக்காரி கைராசிக்காரி, அவளையும் ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளச் சொல்.

அக்கா

ஏப்ரல் 25

அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டு ஆரம்பிக்க மனமில்லை. நேராகவே எழுதிவிடுகிறேன்.

ஒவ்வொரு கடிதத்திலும் முதல் வரியிலேயே உன் வீட்டுக்காரி எப்படி, உன் வீட்டுக்காரி எப்படி. முட்டி வலி எப்படி, ஒத்தடம் கொடுத்தாளா. இப்போது கைராசிக்காரி வேறு. என்னைக் குத்திக்காட்ட உனக்கு வேறு வழி கிடைக்கவில்லையா? உங்கள் ரெண்டு பேருக்கும் ஆகாது, தெரியும். அதற்காக இப்படியா?

டிசம்பரில் போனில் உன்னிடம்தானே சொன்னேன். அவள் போய்விட்டாள், இனி வரமாட்டாள், எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை என்று அழாத குறையாகச் சொன்னேன். நீ என்ன சொன்னாய்? "நல்லது, நல்லது. சந்தோஷம்டா. வேளைக்குச் சாப்பிடு." சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். ரிசீவரைக் கையில் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்கே தெரியாது.

மூட்டையில் வந்த பிராணிக்கு ஒரு நாள் சாப்பாடு இறங்கவில்லை என்றால் லீவு போட்டுவிட்டு ஓடுகிறாய். நான் உன் கூடப் பிறந்தவன்.

தம்பி

மே 30

அக்கா,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, பதில் இல்லை. அப்படி எழுதியிருக்கக் கூடாது. கோபமாக இருந்தால் திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன்.

ஊமையன் எப்படி இருக்கிறான்? சைகைக்காரர் தினமும் கேட்கிறார். என்ன சொல்வதென்று தெரியாமல், தேறிவிட்டான் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

தம்பி

ஜூன் 11

அன்புத் தம்பிக்கு,

ஊமையன் போய்விட்டான்.

உன் கடிதத்துக்குப் பதில் எழுத எத்தனை தரம் உட்கார்ந்தேன் தெரியுமா? "அன்புத் தம்பிக்கு" என்று எழுதுவேன், அதற்கு மேல் பேனா நகராது. இப்போது எப்படியாவது எழுதி முடித்துவிடுகிறேன். குறுக்கே பேசாமல் படி.

டாக்டரிடம் போனேன் அல்லவா, அங்கே பெஞ்சில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண்மணி மடியில் பூனை. டாக்டர் ஊமையனை மேஜையில் வைத்து, தாடையை விரலால் அழுத்தினார். அவன் வாயை ஆவென்று பிளந்தான். உடம்பெல்லாம் கிடுகிடுவென்று நடுங்கியது. பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் சட்டென்று எங்கள் பக்கம் திரும்பினார்கள். பூனை துள்ளி நாற்காலிக்கு அடியில் போய்விட்டது. டாக்டர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "அம்மாடி, என்னா தொண்டை!" என்றார். அவர் உதட்டைப் பார்த்துத்தான் படித்தேன்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அவன் வாய் திறந்திருக்கிறது, எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள், எனக்கு மட்டும் காதில் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கிறது. அங்கேயே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. டீச்சர் எதற்கு வந்தார், போன் ஏன் அடிக்கவில்லை, எல்லாம். அவன் ஊமை இல்லை தம்பி. நான் கதவைத் திறந்த முதல் நாளிலிருந்து அவன் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். அந்த நடுக்கம் குளிர் இல்லை. அவன் கத்தியது. கத்தக் கத்த நான் துண்டைப் போட்டு மூடியிருக்கிறேன்.

காது மந்தமாகிக்கொண்டு வருவது எனக்குத் தெரியாமலில்லை. தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தேன். லாண்டரியில் இது யாருக்கும் தெரியாது, அங்கே எல்லாரும் செவிடர்கள் மாதிரிதானே பேசிக்கொள்கிறோம். நேரில் யாராவது பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடுவேன். வேகமாகப் பேசினால்தான் திண்டாட்டம். போனில் உதடு ஏது? டிசம்பரில் நீ பேசியது, யாரோ தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது மாதிரி இருந்தது. ஒரு வார்த்தை பிடிபடவில்லை. கேட்கவில்லை என்று சொன்னால் நீ கவலைப்படுவாய் என்று, இடைவெளி கிடைத்த இடத்திலெல்லாம் நல்லது, சந்தோஷம் என்று போட்டேன். நீ அவள் போனதைச் சொல்லியிருக்கிறாய். நான் சந்தோஷம் என்றிருக்கிறேன். ஐயோ தம்பி, என்னை என்ன செய்தால் தகும்?

கடைவாய்ப் பல் வளர்ந்து நாக்கைக் குத்தியிருந்ததாம். "வலியில கத்தியிருக்குமே, கவனிக்கலையா?" என்று டாக்டர் கேட்டார். தலையைக் குனிந்துகொண்டேன். மயக்கம் கொடுத்துப் பல்லைத் தேய்த்தார்கள். புல்லை அரைத்து ஊசி இல்லாத சிரிஞ்சில் ஊட்டினேன். கொஞ்ச நாள் தேறினான். ஒரு தரம் பிரிட்ஜைத் திறந்தபோது எழுந்து நின்று வாயைத் திறந்தான். நான் அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், துண்டு போடவில்லை. அவன் முடிக்கிற வரைக்கும் "ம், ம்" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் சீழ் பிடித்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் மடியிலேயே அடங்கிவிட்டான். கொஞ்ச நேரம் எனக்குத் தெரியவில்லை, தூங்குகிறான் என்று நினைத்தேன்.

பின்பக்கம் துணி காயப்போடுகிற கொடிக்கு அடியில் வைத்தேன். டீச்சர் மண்வெட்டி கொண்டுவந்தார். துண்டில் சுற்றலாம் என்று எடுத்தேன், மனம் வரவில்லை. போர்த்தியது போதும் என்று அப்படியே வைத்துவிட்டேன்.

இப்போது வீட்டுக்குள் வந்தால் கம்பிக்குப் பின்னால் யாரும் இல்லை. நீயும் அங்கே இப்படித்தான் ஒரு காலி வீட்டுக்குள் போகிறாயா? இத்தனை மாதம் உன்னைக் கேட்காமல் அவளைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். நீ எப்படியடா இருக்கிறாய்?

அக்கா

ஜூலை 2

என் அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கிரேனுக்கு மேலே எடுத்துக்கொண்டு போய்ப் படித்தேன். கீழே சைகைக்காரர் கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்திருக்கிறார், நான் அசையவில்லை. என்னமோ ஏதோ என்று ஏணியில் ஏறி வந்துவிட்டார். நான் அழுதுகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, கூடவே உட்கார்ந்திருந்தார். ஊமையனுக்காக என்று சொன்னேன். பாதி உண்மைதான்.

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டிருக்கிறாய். நன்றாக இல்லை. வேலை முடிந்து வந்து விளக்கைப் போட்டு, சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறேன். ஒரு நாள் முழுக்க வாயைத் திறக்காமல் கழிந்துவிடுகிறது. போகும்போது அவள் சொன்னாள்: "உங்ககூட இருக்கறதும் சுவரோட இருக்கறதும் ஒண்ணு. என்னைக்காவது எங்கிட்ட ஒரு வார்த்தை மனசுவிட்டுப் பேசியிருக்கீங்களா?" உண்மைதான் அக்கா. எனக்குப் பேச வராது. அவள் போனதை இதுவரை ஒரே ஒருத்தரிடம்தான் வாயால் சொல்லியிருக்கிறேன். உன்னிடம், அந்த டிசம்பரில். அது யார் காதிலும் விழவில்லை என்று இப்போது தெரிகிறது. திரும்ப ஒரு தரம் சொல்ல வேண்டும். உன்னிடம்தான் சொல்ல வேண்டும், எழுதினால் ஆகாது.

அதனால் காது டாக்டரிடம் போ. எனக்கு ஒன்றும் இல்லை, வயசாகிவிட்டது, அது இது என்றால் நானே ரயிலேறி வந்து உன்னைத் தூக்கிக்கொண்டு போவேன், வாளியில் வைத்து.

தம்பி

ஆகஸ்ட் 24

அன்புத் தம்பிக்கு,

உடம்பு சுகம். மனசும் பரவாயில்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? உன்னை மட்டும்தான் கேட்கிறேன்.

காதுக்கு மெஷின் மாட்டியாயிற்று. எத்தனையோ வருஷமாக அந்த இரைச்சலில் நின்றதால் கீச்சென்ற சத்தமெல்லாம் முதலில் போய்விட்டதாம். விசில், மணி, பறவை, அந்த மாதிரி. அம்மாடி, உலகத்தில் இவ்வளவு சத்தமா! என் செருப்பு கீச்சுக்கீச்சென்கிறது. குழாய் சொட்டுகிறது, எத்தனை மாதமாகச் சொட்டியதோ. காகிதத்தில் பேனா உரசுவது இப்போது இதை எழுதும்போதுகூடக் கேட்கிறது.

மாட்டிக்கொண்டு வந்த மறுநாள் டீச்சர் ஒரு டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாசலிலேயே தயங்கினார். "வேணாம்னா சொல்லிடுங்க, திரும்பிப் போயிடறேன்" என்றார். உள்ளே வாங்க என்றேன். பிப்ரவரியில் பதிவு செய்த பாடமாம், கெட்டுப்போயிற்று என்று ஓரமாகப் போட்டிருக்கிறார். பொத்தானை அழுத்தினார்.

முதலில் டீச்சர் குரல், பிள்ளைகளுக்கு ஆறு எப்படிப் பிறக்கிறது என்று சொல்கிறார். பாதியில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து என் வீட்டுக் கதவுச் சத்தம். உடனே ஆரம்பிக்கிறது. வீக், வீக், வீக் என்று, மூச்சுவிடாமல், மேலே மேலே போகிறது. நாள் முழுக்கச் சேர்த்துவைத்ததை எல்லாம் ஒரேயடியாகச் சொல்கிற மாதிரி. சைகைக்காரர் சொன்னது சரிதான், தெருவே கூடியிருக்கும்.

அதற்கு நடுவில் ஒரு பொம்பளை கத்துகிறாள். யாருக்கடா இவ்வளவு பெரிய தொண்டை என்று பார்த்தால், நான்தான். "என்னடா ஊமையா, ஒரு வார்த்தை பேச மாட்டியா? குளிருதா? இரு, இரு, போர்த்தி விடறேன்" என்கிறேன். அந்தச் சத்தம் அப்படியே அமுங்குகிறது. துண்டுக்கு அடியிலிருந்து இன்னும் கொஞ்ச நேரம் வருகிறது. பிறகு நின்றுவிடுகிறது. டீச்சர் பெருமூச்சுவிட்டுவிட்டு ஆற்றை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்.

திருப்பிப் போடச் சொன்னேன். டீச்சர் போட்டார். அன்றைக்கு இருட்டுகிற வரைக்கும் போட்டுக்கொண்டே இருந்தோம். டேப்பை எனக்கே கொடுத்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. டீச்சர் தன் வீட்டிலிருந்து என் நம்பருக்குப் போட்டுப் பார்த்தார், மணி அடிக்கிறது, எனக்குக் கேட்கிறது. போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். டிசம்பரில் சொன்னதை முதலிலிருந்து சொல்லு. எவ்வளவு நேரமானாலும் சொல்லு, அழுகை வந்தால் அழு. நல்லது என்று சொல்ல மாட்டேன். நீ முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன் அக்கா